இணைய வழங்கியின் விரைவு: திண்மநிலை நினைவகமும் பதுக்ககமும்

இணையத்திலே ஒரு பக்கத்தைக் காண விரும்பும் ஒருவர் அதன் பெயரைத் தொட்ட கணத்துக்கும் அப்பக்கம் திரையில் விரியும் கணத்துக்கும் இடையே சிறிது காலம் கழிகின்றது. அக்காலம் அரைச் செக்கனாயின் அவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு மூன்று செக்கனாயின் பொறுத்துக்கொள்வர். பத்துச் செக்கனாயின் அதனை விட்டு வேறிடம் செல்வர். இவ்விடைக்காலம் எச்செயலில் எவ்வளவு கழிகின்றது என்பதை ஆராயாது அதனைக் குறைக்க முற்படுதல், நோயின் முதல் நாடாது மருந்து கொடுத்தலை ஒக்கும். இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் 'எஸ்.எஸ்.டி. பொருத்திய வழங்கி' என்று விளம்பரஞ் செய்வதை இன்று யாண்டும் காணலாம். அவ்விளம்பரம் பொய்யன்று. ஆனால் அதனை நம்பிப் பணங் கொடுத்தோர் பலர், தம் தளம் முன்போலவே மந்தமாயிருத்தலைக் கண்டு வியப்புறுகின்றனர். அவ்வியப்புக்குக் காரணம் யாதென விளங்கிக்கொள்ளல் வேண்டின், கணினி எதற்காகக் காத்திருக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வழங்கி என்பது, பிறர் கேட்கும் பக்கங்களைக் கொடுத்தற்கென எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கணினியே. வேண்டுகோள் ஒன்று அதனை அடைந்ததும், அது தன் தரவுத்தளத்தைப் புரட்டி வேண்டிய செய்திகளைத் திரட்டுகின்றது. அவற்றை ஓர் ஒழுங்கிற் கோத்துப் பக்கமாக ஆக்குகின்றது. பின்னர் அதனை அனுப்புகின்றது. ஆகவே காத்திருக்கும் காலம் மூன்று கூறுகளை உடையது: செய்தி வழியிற் செல்லும் காலம், தரவைச் சேமித்த இடத்தினின்று எடுக்குங் காலம், பக்கத்தை ஆக்குங் காலம். இம்மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒன்றன் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

நெடுங்காலமாக இரண்டாவது கூறே மிகப் பெரிதாயிருந்தது. அதற்குக் காரணம் சுழலும் வன்தட்டு. 1956ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐ.பி.எம். நிறுவனத்தார் ராமாக் என்னும் பொறியை வெளியிட்டனர். 24 அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுக்கள் ஒரு தண்டிலே கோக்கப்பட்டு நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய அப்பொறி ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே சேமிக்க வல்லதாயிருந்தது. அதிலே வேண்டிய இடத்தை அடைதற்குச் சராசரி ஏறத்தாழ 600 மில்லிசெக்கன் சென்றது. அன்றுதொட்டு ஐம்பதாண்டுகளில் தட்டின் கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகிற்று. விரைவோ அவ்வாறு பெருகவில்லை. காரணம் வெளிப்படை. தட்டு ஒரு பொறிமுறைச் சாதனம். வாசிக்கும் தலை தட்டின் குறுக்கே நகர்ந்து உரிய தடத்தை அடைதல் வேண்டும்; பின்னர் வேண்டிய பகுதி சுழன்று தலையின் கீழ் வருமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பொதுவான தட்டொன்றை எடுத்துக்கொள்க. செக்கனுக்கு 120 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 8.3 மில்லிசெக்கன், சராசரி அரைச் சுழற்சி பொறுத்திருக்க வேண்டுமாதலின் 4.2 மில்லிசெக்கன். தலை நகர்தற்கு இன்னும் எட்டு மில்லிசெக்கன் வரையிற் செல்லும். இரண்டுஞ் சேர ஏறத்தாழ 12 மில்லிசெக்கன். தட்டின் பல இடங்களிற் சிதறிக் கிடப்பனவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பதாயின் செக்கனுக்கு எண்பதளவிலேயே வாசித்தல் கூடும். ஒரு பக்கத்தை ஆக்குதற்கு நாற்பது இடங்களை வாசிக்க வேண்டியிருப்பின் 480 மில்லிசெக்கன், அதாவது அரைச் செக்கன், தட்டுச் சுழல்வதிலேயே கழியும். அதே வேளையில் நூறு பேர் நூறு பக்கங்களைக் கேட்பராயின் நிலைமை எத்தகையதாகும் என்பதைக் கணித்துக் காண்க.

இத்தடையை நீக்கியது திண்மநிலை நினைவகம். இதிலே சுழல்வதும் நகர்வதும் ஒன்றுமில்லை. 1967இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாவன் காங், சைமன் சீ என்னும் இருவர், முற்றும் காவலியாற் சூழப்பட்ட ஒரு கடத்தித் துண்டினுள் இலத்திரன்களைப் புகுத்திவிடின் மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே நெடுங்காலம் சிறைப்பட்டிருக்கும் என்று காட்டினர். சிறையில் இலத்திரன் உளதா இலதா என்பதே ஒன்று, பூச்சியம் என்னும் இரு குறிகளாகும். ஜப்பானியத் தோசிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா இத்தத்துவத்தை அடியாகக் கொண்டு, ஒரு பெருந்தொகுதியை ஒருங்கே அழிக்கத்தக்க நினைவகத்தை 1984இல் வெளிப்படுத்தினார். அழித்தல் ஒரு நொடியில் நிகழ்தலைக் கண்ட அவருடன் பணியாற்றிய ஒருவர், அது நிழற்படக் கருவியின் மின்வெட்டொளி போன்றிருத்தலின் அதற்கு 'பிளாஷ்' எனப் பெயரிடலாம் என்றனர். 1987இல் மசுவோகா வெளிப்படுத்திய 'நாண்ட்' என்னும் வகையே இன்றைய எஸ்.எஸ்.டி.களின் உயிர்நிலையாகும். உலகெங்கும் பெரும்பொருள் ஈட்டிய இக்கண்டுபிடிப்புக்காகத் தமக்கு உரிய பங்கு கிடைத்திலது என்று அவர் 2004இல் தம் பழைய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தமையும், 2006இல் அது 8 கோடியே 70 இலட்சம் யென்னுக்கு இணக்கமுற்றமையும், அறிவியல் வரலாற்றைப் படிப்போர் ஒரு சிறிது நின்று நோக்கத்தக்க செய்திகளாம்.

திண்மநிலை நினைவகத்தில் ஓரிடத்தை வாசித்தற்கு ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கு, அதாவது 100 மைக்குரோசெக்கன் அளவே போதும்; சிலவற்றில் இதனினுங் குறைவு. முன்னர்க் கூறிய நாற்பது வாசிப்புக்கள் அரைச் செக்கனுக்குப் பதிலாக 4 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். இவ்வெண்கள் மிகச் சிறியனவாதலின் அவற்றின் வேறுபாடு மனத்திற் பதிவதில்லை. ஆகவே காலத்தை ஒருகோடி மடங்கு விரித்துப் பார்த்தல் நலம். கணினியின் முதன்மை நினைவகத்தை வாசித்தற்கு ஏறத்தாழ 100 நனோசெக்கன் ஆகும். அதனை ஒரு செக்கன் என வைத்துக்கொள்வோமாயின், திண்மநிலை நினைவகம் விடையளித்தற்கு ஏறத்தாழ 17 நிமிடம் செல்லும். வன்தட்டோ ஒரு நாளும் ஒன்பது மணி நேரமும் எடுத்துக்கொள்ளும். ஒன்றரை நாளுக்குப் பதிலாகப் பதினேழு நிமிடம் என்பது பெரும் பேறே. எனினும் ஒரு செக்கனோடு ஒப்பிடும்போது பதினேழு நிமிடமும் நெடிதே என்பதை மறத்தலாகாது.

திண்மநிலை நினைவகத்துக்கும் குறைபாடுகள் உள. எழுதிய இடத்தின்மேல் அப்படியே மீண்டும் எழுதுதல் இயலாது. எழுதுதல் சிறு சிறு பக்கங்களாக நிகழும். அழித்தலோ அத்தகைய பக்கங்கள் பல நூறு சேர்ந்த தொகுதியாகவே நிகழும். கரும்பலகையில் ஒரு சொல்லைத் திருத்துதற்குப் பலகை முழுவதையும் துடைக்க வேண்டியிருப்பின் ஆசிரியர் என் செய்வர்? திருத்திய சொல்லை வேறொரு வெற்றிடத்தில் எழுதி, பழையதைச் செல்லாதெனக் குறித்து வைத்து, ஓய்வு கிடைத்தபோது துடைப்பர். எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருக்குஞ் சிறு கட்டுப்படுத்தியும் இதனையே செய்கின்றது. வெற்றிடம் குறையுந்தோறும் அதன் வேலை பெருகி எழுதும் விரைவு தளரும். ஆதலின் அறிந்தோர் அதனை முற்றும் நிரப்புவதில்லை. மேலும் ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் இலத்திரன்கள் காவலியை ஊடுருவிச் செல்வதால் அது சிறிது சிறிதாகத் தேய்கின்றது. ஓர் உயிரணுவைப் போன்ற ஒவ்வொரு சிற்றறையிலும் எத்துணை மிகுதியாகத் தரவைத் திணிக்கின்றோமோ அத்துணை விரைவில் அது தேயும். ஓரறைக்கு ஒரு குறி மட்டும் வைத்த பழைய வகை ஓரிலட்சம் முறை தாங்கிற்று. மூன்று குறி வைக்கும் மலிவான வகை சில ஆயிரம் முறையே தாங்கும். விலையை மட்டும் நோக்கி வாங்குவோர் இவ்வேறுபாட்டைக் கேட்டறிதல் வேண்டும். இன்னொன்றும் உளது. வன்தட்டுக்கென வகுத்த பழைய இணைப்பு முறையில் ஒரே வரிசையில் 32 கட்டளைகளே காத்து நிற்கலாம். ஒரே வேளையிற் பல வாசிப்புக்களைச் செய்ய வல்ல புதிய நினைவகத்துக்கு அது குறுகிய வாயிலாயிற்று. அதனை ஒழித்து, ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு இடந்தரும் என்.வி.எம்.ஈ. என்னும் முறை 2011இல் வகுக்கப்பட்டது.

இனி, பதுக்ககத்தைப் பற்றிக் கூறுதல் வேண்டும். ஆங்கிலத்திற் கேஷ் எனப்படுவதே ஈண்டுப் பதுக்ககம் எனப்படுகின்றது. பதுக்கல் என்றதும் பஞ்சகாலத்து அரிசி வணிகர் சிலர்க்கு நினைவில் எழக்கூடும். எனினும் மூலச் சொல்லும் மறைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்ததேயாதலின் இம்மொழிபெயர்ப்பிற் குற்றம் காண்டற்கில்லை. இதன் தத்துவத்தை நூல்நிலையம் ஒன்றிலே காணலாம். பெரிய நூல்நிலையத்தின் நூல்கள் யாவும் உள்ளே நெடுந்தொலைவில் உள்ள அலுமாரிகளில் இருக்கின்றன. நூலகர் ஒவ்வொரு முறையும் எழுந்து சென்று எடுத்து வருகின்றார். பரீட்சைக் காலம் நெருங்கியதும் மாணவர் எல்லாரும் அதே பத்து நூல்களையே கேட்கின்றனர். அறிவுடைய நூலகர் அப்பத்தையும் தம் மேசைமீதே வைத்துக்கொள்வர். அவர் வேகமாக நடக்கக் கற்றுக்கொண்டிலர்; நடக்க வேண்டிய தேவையையே ஒழித்துவிட்டார். எஸ்.எஸ்.டி.க்கும் பதுக்ககத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது நடையை விரைவாக்குகின்றது. பின்னது நடையை இல்லாமற் செய்கின்றது.

இக்கருத்துப் புதியதன்று. 1946இலேயே பர்க்ஸ், கோல்ட்ஸ்ரைன், வொன் நொய்மன் என்னும் மூவர் பிறின்ஸ்ரனில் எழுதிய அறிக்கையில், எல்லையற்ற கொள்ளளவும் உடனடி விடையும் ஒருங்கே உடைய நினைவகத்தைப் பெறுதல் இயலாதாகலின், சிறிதும் விரைவுமானது மேலும் பெரிதும் மந்தமுமானது கீழுமாகப் படிநிலையாய் அமைத்தல் வேண்டும் என்று உரைத்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மொறிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில், பெரிய நினைவகத்துக்கு ஏவலாளாக நின்று, அண்மையிற் பயன்பட்டவற்றைத் தானே வைத்திருக்கும் சிறிய நினைவகத்தின் அமைப்பைத் தெளிவாக்கினார். 1968இல் ஐ.பி.எம். 360 தொகுதியின் 85ஆம் மாதிரியில் அஃது உருப்பெற்றது. கேஷ் என்னும் பெயரும் அப்போதே அதற்கு வந்தது.

சிறிய மேசை பெரிய நூல்நிலையத்துக்கு எங்ஙனம் ஈடாகும் என வினவலாம். உலகத்தோர் வேண்டுகோள்கள் ஒரு சீராகப் பரந்து கிடப்பதில்லை. ஒருமுறை கேட்கப்பட்டது விரைவில் மறுமுறையும் கேட்கப்படும். சில பக்கங்களைப் பல்லாயிரவர் கேட்பர், பல பக்கங்களை ஒருவரேனும் கேளார். சொற்களின் பயன்பாட்டில் ஸிப் என்பவர் கண்ட விதியை ஒத்த ஒழுங்கு இணையப் பக்கங்களின் வேண்டுகோள்களிலும் உண்டென 1999இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. மேசையில் இடம் நிரம்பியபோது எதனை அகற்றுவது என்பதற்கும் எளிய விதி உண்டு: நெடுநாளாக எவராலுங் கேட்கப்படாததை முதலில் அகற்றுக.

இவ்விடத்துச் சிறு கணக்கொன்று பயன்தரும். பதுக்ககத்திற் கிடைப்பதாயின் 1 மில்லிசெக்கனும், கிடையாவிடின் 100 மில்லிசெக்கனும் ஆகுமெனக் கொள்க. நூறு வேண்டுகோள்களில் 90 பதுக்ககத்திற் கிடைப்பின் மொத்தம் 90உம் 1,000உம் சேர்ந்து 1,090, சராசரி 10.9 மில்லிசெக்கன். நூற்றில் 99 கிடைப்பின் மொத்தம் 99உம் 100உம் சேர்ந்து 199; சராசரி ஏறத்தாழ 2 மில்லிசெக்கன். தொண்ணூற்றினின்று தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது சிறிதெனத் தோன்றினும் விரைவு ஐந்து மடங்காகின்றது. கிடையாத சிலவே காலத்தின் பெரும்பகுதியை விழுங்குகின்றன என்பது இதனாற் பெறப்படும். அச்சிலவற்றுக்காகவே திண்மநிலை நினைவகம் வேண்டப்படுகின்றது. ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவது.

இணையத்திலே பதுக்ககம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று. வாசகரின் சொந்தக் கணினியிலுள்ள உலாவி, ஒருமுறை கண்ட படங்களைத் தன்னிடமே வைத்திருக்கும். வழங்கியின் இயங்கு முறைமை, தட்டிலிருந்து வாசித்தவற்றை ஓய்ந்திருக்கும் நினைவகத்தில் வைத்திருக்கும். 2003இல் பிறாட் பிற்ஸ்பற்றிக் என்பவர் லைவ்ஜேணல் என்னுந் தளத்துக்காக மெம்கேஷ்ட் என்னும் மென்பொருளை ஆக்கினார். பல கணினிகளில் வீணே கிடக்கும் நினைவகத்தை ஒன்றாக்கித் தரவுத்தளத்தின் விடைகளை அதில் வைத்தல் அதன் தொழில். 2006இல் நோர்வே நாட்டுச் செய்தித்தாளொன்றின் தளத்துக்கென டென்மார்க்கைச் சேர்ந்த போல் ஹெனிங் காம்ப் ஆக்கிய வார்னிஷ் என்பது முற்றுப்பெற்ற பக்கத்தையே நினைவகத்தில் வைத்து, வழங்கியின் முன்னே வாயில்காப்போன் போல நின்று விடையளிப்பது.

இவை தவிர, வாசகர் வாழும் நாட்டுக்கு அண்மையிலே பிரதிகளை வைக்கும் பதுக்ககமும் உண்டு. முன்னர்ச் சொல்லிய மூன்று கூறுகளில் முதலாவதான வழிச்செலவுக்கு மருந்து இதுவே, வேறில்லை. ஒளியிழையினூடே ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை நேர்வழியில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். போய்வரும் தூரம் 28,000 கிலோமீற்றராதலின் 140 மில்லிசெக்கனிற் குறைந்து ஒரு விடை வருதல் இயற்கை விதிக்கு மாறாகும். பக்கம் வரத் தொடங்கு முன்னரே இணைப்பை ஏற்படுத்துதற்கும் இரகசியக் குறியீட்டை உடன்பட்டுக்கொள்ளுதற்கும் இரண்டொரு முறை போய்வர வேண்டியிருத்தலின் அரைச் செக்கன் அளவு இதிலேயே கழியும். அமெரிக்காவிலுள்ள வழங்கியில் எத்தகைய விலையுயர்ந்த எஸ்.எஸ்.டி.யைப் பூட்டினும் இவ்வரைச் செக்கனில் ஓர் அணுவும் குறையாது.

இத்துணைச் சிறப்பும் உடைய பதுக்ககத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது வைத்திருப்பது பிரதி. மூலம் மாறிய பின்னும் பிரதி மாறாதிருக்கலாம். மேசைமீதுள்ள நூலின் புதிய பதிப்பு உள்ளே அலுமாரிக்கு வந்துவிட்டதை நூலகர் அறியாதிருப்பின், மாணவர் பழைய பாடத்தையே படித்துப் பரீட்சைக்குச் செல்வர். மந்தமாக வரும் உண்மை ஒருபுறம், விரைந்து வரும் பொய் மறுபுறம். வழங்கியை நடத்துவோர் இவ்விரண்டிற்கும் இடையே நாள்தோறும் தெரிவு செய்ய வேண்டியவராகின்றனர். இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. பிரதிக்கு ஆயுள் வரையறுத்து, அது கழிந்ததும் எறிந்துவிடுதல் ஒன்று. 'என்னிடமுள்ளது மாறிவிட்டதா' என மூலத்தைக் கேட்டறிதல் மற்றொன்று. மாறவில்லையாயின் வழங்கி 304 என்னும் எண்ணை மட்டும் விடையாக அனுப்பும், பக்கம் மீண்டும் பயணஞ் செய்யாது. மூலம் மாறிய உடனேயே எல்லாப் பதுக்ககங்களுக்கும் அறிவித்துப் பழையதை அழிப்பித்தல் மூன்றாவது; இதுவே சிறந்ததும் கடினமானதும். நெற்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த பில் கார்ல்ற்றன் என்பவர், கணினியியலிற் கடினமானவை இரண்டே எனவும், அவற்றுள் ஒன்று பதுக்ககத்திலுள்ளது செல்லாதாயிற்றென அறிந்து நீக்குதல், மற்றது பொருள்களுக்குப் பெயரிடுதல் எனவும் கூறியதாக வழங்குவர்.

இவை யாவும் ஒருங்கே சோதிக்கப்பட்ட நிகழ்ச்சியொன்றை விக்கிப்பீடியாவின் வரலாற்றிற் காணலாம். 2001இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகள், எழுதுவோர்க்கு எளிதான ஒரு குறியீட்டு மொழியில் தரவுத்தளத்திற் கிடக்கின்றன. வாசகர் கேட்டதும் அதனை உலாவிக்குரிய வடிவத்துக்கு மாற்றுதல் வேண்டும். மேற்கோட் குறிப்புக்கள் நிறைந்த நெடிய கட்டுரையாயின் இம்மாற்றம் பல செக்கன் பிடிக்கும். எனினும் ஒருமுறை மாற்றியதைப் பதுக்ககத்தில் இட்டுவிட்டால் அடுத்து வருவோர் யாவர்க்கும் அதுவே போதும். 2009ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆம் நாள் இசைக்கலைஞர் மைக்கல் ஜாக்சன் இறந்தார். அச்செய்தி பரவியதும் ஒரு மணி நேரத்துள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் அவரைப் பற்றிய கட்டுரையை நாடினர். பத்து இலட்சம் வாசகர் வந்தது மட்டுமாயின் பதுக்ககம் அதனை எளிதிற் சுமந்திருக்கும். ஆனால் அதே வேளையில் எழுதுவோரும் திரண்டனர். ஒருவர் ஒரு வரியைத் திருத்துவர். உடனே பதுக்ககத்துப் பிரதி செல்லாததாகும். அடுத்த கணம் வந்த வாசகருக்காக ஒரு வழங்கி கட்டுரையை மாற்றத் தொடங்கும். அது முடிதற்குப் பல செக்கன் உண்டு. அதற்குள் வந்த வாசகர்களும் பதுக்ககம் வெறிதாயிருத்தலைக் காண்பர். அவர்களுக்காக வேறு வேறு வழங்கிகள் அதே கட்டுரையை அதே விதமாக மாற்றத் தொடங்கும். ஒன்று செய்து முடிக்குமுன் மற்றொருவர் இன்னொரு வரியைத் திருத்திவிடுவர். இவ்வாறு வழங்கிகள் பலவும் ஒரே வேலையைத் தனித்தனியே செய்துகொண்டு திணற, அக்கட்டுரையோடு தொடர்பில்லாத பிற பக்கங்களும் கிடையாமற் போயின.

இந்நிகழ்ச்சியிற் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. தட்டு அன்று தடையாயிருக்கவில்லை. தரவை எடுத்தல் எளிதாகவே நடந்தது, ஆக்குதலே தடையாயிற்று. மூன்றாவது கூற்றின் நோய் அது. அவ்வழங்கிகள் யாவற்றிலும் எஸ்.எஸ்.டி. பொருத்தியிருப்பினும் அன்றைய தடுமாற்றம் நீங்கியிராது. பதுக்ககம் இருந்தும், அது வெறிதாகும் அந்தச் சில செக்கனை எவ்வாறு கடப்பது என்பதற்கு விதி இல்லாமையே குறை. பின்னர்ப் பூல்கவுன்ரர் என்னும் சிறு ஏற்பாடு ஆக்கப்பட்டது. ஒரு கட்டுரையை மாற்றும் வேலை ஒருவர்க்கே கொடுக்கப்படும். ஏனையோர் அது முடியுமளவும் காத்து நிற்பர். காத்திருப்போர் தொகை அளவு கடந்தால் அவர்க்குச் சற்றுப் பழைய பிரதி கொடுக்கப்படும். கூட்டம் மிக்க வேளையில், ஒரு நிமிடப் பழமையுள்ள உண்மை, ஒன்றும் கிடையாமையினும் நன்று என்னும் தீர்ப்பு இவ்வேற்பாட்டினுள் அடங்கியுள்ளது. அத்தீர்ப்பைச் செய்வது இயந்திரமன்று.

பழைய பிரதியைக் கொடுத்தல் பொறுக்கத்தக்க பிழை. ஒருவருக்குரிய பிரதியை மற்றொருவருக்குக் கொடுத்தல் அத்தகையதன்று. 2015ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, கணினி விளையாட்டுக்களை விற்கும் ஸ்ரீம் என்னும் தளத்தின்மீது பகைவர் பொய் வேண்டுகோள்களை வெள்ளமெனப் பாய்ச்சினர். அதனைத் தாங்குதற்பொருட்டுப் பதுக்கக விதிகள் அவசரமாக மாற்றப்பட்டன. மாற்றிய விதிகளில் ஒன்று தவறாயமைந்தது. ஒருவர் தம் கணக்கைத் திறந்தபோது ஆக்கப்பட்ட பக்கம் பொதுப்பக்கம் போலப் பதுக்ககத்தில் வைக்கப்பட்டு, அடுத்து வந்த பிறருக்குக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 34,000 பேருடைய பக்கங்கள் இவ்வாறு பிறர் கண்ணிற்படும் நிலைக்கு ஆளாயினவென அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல், தொலைபேசி எண்ணின் இறுதி இலக்கங்கள் முதலியன அவற்றுட் சிலவற்றில் இருந்தன. வைத்தியசாலைப் பதிவும் வங்கிக் கணக்கும் பரீட்சைப் பெறுபேறும் இணையப் பக்கங்களாய்விட்ட இக்காலத்தில், எப்பக்கம் எல்லார்க்கும் பொது, எப்பக்கம் ஒருவர்க்கே உரியது என்று பிரித்துக் குறித்தலே பதுக்ககம் அமைப்போரின் முதற்கடமையாகும். விரைவைப் பற்றிய எண்ணம் அதற்குப் பின்னரே வரல் வேண்டும். ஐயமுள்ள பக்கத்தைப் பதுக்காதிருத்தலே தக்கது. அதனால் ஒருவர் அரைச் செக்கன் காத்திருக்க நேரின் அது பெரிய இழப்பன்று.

சிறிய தளமொன்றை நடத்தும் ஒரு பாடசாலையோ சங்கமோ இவற்றினின்று கொள்ளத்தக்கது யாது? முதலில் அளத்தல் வேண்டும். உலாவியிலேயே அதற்குரிய கருவி உண்டு. முதல் எழுத்து வருமுன்னரே நெடுநேரம் கழியின் தடை வழங்கியிலோ வழியிலோ உளது. பக்கம் வந்தபின் படங்கள் மெல்ல வருமாயின் படங்களே அளவுக்கு மிஞ்சிப் பெரியனவாயிருத்தல் கூடும். நூறுபேர் நிற்கும் நிழற்படத்தைக் கமராவில் எடுத்தவாறே தளத்தில் ஏற்றிவிட்டு வழங்கியை நோதல் பலர்க்கு வழக்கமாயிற்று. மாதத்துக்கொருமுறை மாறும் பக்கத்தை ஒவ்வொரு வாசகர்க்கும் புதிதாக ஆக்கும் தளத்துக்குப் பதுக்ககமே போதும், பணச்செலவும் இல்லை. ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு விடை தருவதும் ஓயாது எழுதுவதுமான தளத்துக்குப் பதுக்ககம் பெரிதும் உதவாது, அங்கே எஸ்.எஸ்.டி.க்குக் கொடுக்கும் பணம் பயனுடையது.

தமிழ் விக்கிப்பீடியாவும் மேற்கூறிய அதே வழங்கிகளினின்றே உலகுக்கு வருகின்றது. 2003இல் தொடங்கிய அதனை வளர்த்தோருள் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முதன்மையானவர் என்பது பலரும் அறிந்ததே. 2018இல் விக்கிமீடியா நிறுவனத்தார் ஆசிய நாட்டு வாசகர்க்கெனச் சிங்கப்பூரில் ஒரு பதுக்கக நிலையத்தைத் திறந்தனர். பெயர் பதியாது வாசிக்க மட்டும் வரும் ஒருவருக்கு, அங்கே பிரதி இருப்பின், பக்கம் அங்கிருந்தே வந்துவிடும். கணக்குத் திறந்து கட்டுரையைத் திருத்தும் ஒருவருக்கோ அவ்வாறன்று. தாம் எழுதியது பதிந்ததா என்பதை அவர் உடனே உள்ளபடி காணல் வேண்டுமாதலின், அவருடைய வேண்டுகோள் சிங்கப்பூர்ப் பிரதியைக் கடந்து அமெரிக்காவிலுள்ள தலைமை நிலையம் வரை சென்று மீள்கின்றது. அவர் சேமித்த அக்கணமே பழைய பிரதியை அழிக்கும்படி எல்லா நிலையங்களுக்கும் கட்டளை செல்கின்றது. எழுதுபவர் வாசிப்பவரிலும் சற்று அதிகமாகக் காத்திருக்கும்படியாகவே அவ்வமைப்பு வகுக்கப்பட்டுள்ளது.